முகம் இழுக்கிறதா, எரிகிறதா, பரு கூடுகிறதா? ஃபேஸ்வாஷைத் திருப்பிப் பாருங்கள்

ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பது அதிகம் போனால் ஒரு நிமிடம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வைட்டமின், ஹைலூரானிக் ஆசிட், ஏதோ ஒரு பூவின் சாறு எல்லாம் பெரும்பாலும் அந்த நிமிடம் முடிந்ததும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். அதனால் ஒரு ஃபேஸ்வாஷ் என்ன தருகிறது என்று பார்ப்பதை விட, தோலிலிருந்து எதை உருவிக்கொண்டு போகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. அதற்கான விடை டியூபின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருக்கிறது.

கீழே தொல்லை வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் பட்டியலைப் படிக்கும் முறையை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் மற்றது புரியாது.

பட்டியலை எப்படிப் படிப்பது

சேர்மானப் பட்டியலில் அளவு அதிகமான பொருள் முதலில், குறைந்தது பின்னால் என்று வரிசைப்படுத்துவார்கள். இந்த ஒழுங்கு 1 சதவீதம் வரைதான். அதற்குக் குறைவானவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். நிறமிகள் கடைசியில் வரும். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் குறித்துத் தருவதில்லை, ஆனால் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளைத் தேடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, அதற்குப் பின்னால் எழுதியிருக்கும் எந்தப் பொருளும் 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. முன்பக்கத்தில் படம் போட்ட மூலிகை அதற்குப் பின்னால் நின்றால், அது படத்துக்காகச் சேர்த்தது.

முதல் பெயர் பெரும்பாலும் தண்ணீர். அதை அடுத்து வருவதில்தான் விஷயம் இருக்கிறது. அழுக்கையும் எண்ணெயையும் பிடித்து இழுக்கும் பொருளை சர்ஃபாக்டன்ட் என்கிறோம். அதன் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு ஒட்டும். கழுவும்போது எண்ணெய் பிசுக்கு தண்ணீரோடு போவது இதனால்தான். இதற்கு நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்ற பேதம் தெரியாது. தெருப்புழுதியையும் எடுக்கும், தோல் தன்னைக் காக்க வைத்திருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்களையும் எடுக்கும். ஒரு சர்ஃபாக்டன்டை மென்மையானது, கடுமையானது என்று பிரிப்பதெல்லாம் இந்த இரண்டாவது வேலையை அது எவ்வளவு செய்கிறது என்பதை வைத்துத்தான்.

சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபேஸ்வாஷ், கிரீம், சீரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

கழுவித் துடைத்த ஐந்து நிமிடத்தில் முகம் இழுக்கிறது

இதைத்தான் பலர் "நன்றாகச் சுத்தமாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வருவது பாத்திரத்துக்குப் பெருமை, முகத்துக்கு அல்ல. தேவையான எண்ணெயும் சேர்ந்து போய்விட்டது என்பதற்கு அடையாளம் அது.

முதலில் சோப்பா என்று பாருங்கள். சோப்புக்கட்டியில் கண்டுபிடிப்பது சுலபம்: சோடியம் பாமேட், சோடியம் கோகோயேட், சோடியம் டாலோவேட் என்று எழுதியிருக்கும். டியூபில் வரும் நுரை கிரீமில்தான் ஏமாறுவோம், ஏனென்றால் அதில் சோப்பு என்ற அடையாளமே இருக்காது. நான் ஏமாந்த டியூபின் பட்டியல் இப்படிப் போனது: தண்ணீர், மிரிஸ்டிக் ஆசிட், கிளிசரின், ஸ்டீயரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு, லாரிக் ஆசிட். அதன் பிறகு இருபது பெயர்கள் தாண்டி ஒரு இலைச்சாறு. முன்பக்கத்தில் அந்த இலைதான் உள்ளங்கை அகலத்துக்குப் படமாக இருந்தது.

மிரிஸ்டிக், ஸ்டீயரிக், லாரிக், பால்மிடிக் எல்லாம் கொழுப்பு அமிலங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு காரம். கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. பட்டியலில் கலப்பதற்கு முன்னால் இருந்த பெயர்களை எழுதியிருக்கிறார்கள், டியூபுக்குள் இருப்பது கலந்த பிறகு கிடைத்த சோப்பு. பொய் ஒன்றும் இல்லை, நமக்குத்தான் கணக்குப் போடத் தெரிய வேண்டும். அதேசமயம் சோடியம் ஹைட்ராக்ஸைடு என்ற பெயரை எங்கே கண்டாலும் பதற வேண்டாம். கொழுப்பு அமிலங்கள் மேலே இல்லாமல், அது மட்டும் பட்டியலின் வாலில் இருந்தால், பிஹெச் எனப்படும் அமில-கார அளவைச் சரிசெய்ய ஒரு துளி விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

சோப்பில் என்ன குறை? தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். சோப்பு நீர் 9 அல்லது 10. பிஹெச் அளவில் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால் 5-க்கும் 9-க்கும் இடையில் பத்தாயிரம் மடங்கு தூரம். தோல் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் மறுபடி கழுவினால் திரும்பவே விடுவதில்லை.

சந்தேகம் இருந்தால் பிஹெச் தாள் வாங்கிச் சோதிக்கலாம். ஒரு பங்கு ஃபேஸ்வாஷுக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கலக்கி, தாளின் நுனியை நனைத்து, பெட்டியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். நான் மேலே சொன்ன டியூபில் நனைத்த தாள் மஞ்சளைத் தாண்டி, பச்சையையும் தாண்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலப் பச்சைக்குப் போய் நின்றது. இலைப் படத்தை ஒருமுறை பார்த்தேன், தாளை ஒருமுறை பார்த்தேன். டியூபைக் கை கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டேன். எண்ணெய் வடிவிலும் தைலக் கட்டியாகவும் வரும் கிளென்சரில் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் இல்லாத பொருளுக்கு பிஹெச் கிடையாது.

சோப்பு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் சல்ஃபேட். இங்கே இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோடியம் லாரில் சல்ஃபேட் கடுமையானது. தோலில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் அளவுகோலாகப் பயன்படுவதே அதுதான். சோடியம் லாரெத் சல்ஃபேட் ஓரெழுத்துத் தள்ளி இருப்பது போலத் தெரிந்தாலும் அதைவிட மென்மை. கூடவே கொகாமிடோபுரொப்பைல் பீட்டைனும் இருந்தால் இன்னும் மென்மையாகும், ஏனென்றால் இரண்டு வகை சர்ஃபாக்டன்ட் கலந்து திரளும்போது தோலுக்குள் புகும் தனி மூலக்கூறுகள் குறைகின்றன. அதனால் ஒற்றைப் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல் ஜோடியைப் பாருங்கள்.

"சல்ஃபேட் இல்லை" என்ற வாசகத்தில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. சல்ஃபேட்டை எடுத்துவிட்டு சோடியம் சி14-16 ஒலெஃபின் சல்ஃபோனேட் போட்டாலும் அந்த வாசகத்தை எழுதலாம். சல்ஃபோனேட் வேறு, சல்ஃபேட் வேறு, எனவே சட்டப்படி சரி. முகத்துக்கு வரும் இழுப்பில் பெரிய மாற்றம் இருக்காது.

அப்படியானால் எதைத் தேடுவது? பெயரின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ஐசெத்தியோனேட், டாரேட், கிளைசினேட், குளுட்டமேட், குளுக்கோசைடு, சல்ஃபோசக்சினேட் என்று முடிபவை பொதுவாக மென்மையான பக்கம். இவற்றில் கிளைசினேட்டிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அது நன்றாக நுரைக்க பிஹெச் அளவைச் சற்று ஏற்றி வைப்பதுண்டு. இந்த வகையை அமினோ அமில ஃபேஸ்வாஷ் என்று விற்பார்கள். அப்படி வாங்கியும் முகம் இழுத்தால் தாளை எடுங்கள்.

மேலே சொன்ன டியூபின் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: தண்ணீர், கிளிசரின், சோடியம் கொகாயில் ஐசெத்தியோனேட், கொகாமிடோபுரொப்பைல் பீட்டைன், ஸ்டீயரிக் ஆசிட், சோடியம் குளோரைடு, சிட்ரிக் ஆசிட். இதிலும் ஸ்டீயரிக் ஆசிட் இருக்கிறது. ஆனால் கூட்டாளியான காரம் இல்லை, வாலில் சிட்ரிக் ஆசிட் வேறு. எனவே அது சோப்பாக மாறவில்லை, பாலேடு போன்ற கெட்டித்தன்மைக்காக இருக்கிறது. சோடியம் குளோரைடு நாம் அறிந்த உப்புதான், குழம்பு போலக் கெட்டியாக்கச் சேர்ப்பார்கள். கிளிசரின் இரண்டாம் இடத்தில் இருப்பது நல்ல அறிகுறி. ஒரே பொருள் இரண்டு பட்டியலிலும் இருந்து இரண்டு வேறு வேலை செய்வதைக் கவனித்தால், "இந்தப் பொருள் கெட்டது" என்று சுற்றிவரும் தனிப்பெயர்ப் பட்டியல்கள் ஏன் உதவாது என்பது விளங்கும்.

ஆல்கஹாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால், ஸ்டீயரைல் ஆல்கஹால் எல்லாம் மெழுகு போன்ற கொழுப்பு வகை, தோலை உலர்த்தாது. உலர்த்துவது ஆல்கஹால் டீநேச்சர்டு என்று வருவது. அதுவும் முதல் ஐந்துக்குள் இருந்தால்தான் கவலை.

பட்டியல் சுத்தமாக இருந்தும் இழுக்கிறதென்றால் பழக்கத்தைப் பாருங்கள். சூடான தண்ணீர், நாளுக்கு நாலு தரம், மூன்று நிமிடம் தேய்ப்பது, துண்டால் அழுத்தித் துடைப்பது. வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு இரண்டு முறை, வியர்த்தால் இன்னொரு முறை, அவ்வளவுதான் முகத்துக்குத் தேவை. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு அலசினாலும் ஒரு படலம் போகவே இல்லை

இதில் இரண்டு வகை உண்டு, விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

தோல் சொரசொரப்பாக, விரல் தடுக்கி நிற்பது போல இருந்தால் அது உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து செய்யும் வேலை. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகின்றன. பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் அதுதான், முகத்தில் படிவதும் அதுதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர் பிடித்து, ஃபேஸ்வாஷை ஒரு துளி விட்டு, மூடிக் குலுக்கிப் பாருங்கள். நுரைக்குக் கீழே தண்ணீர் பாலாகத் திரிந்து துணுக்குகள் மிதந்தால் சோப்பு. அதே வேலையை டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் துணுக்கு வராது. தண்ணீரை மாற்ற முடியாத வீட்டில் ஃபேஸ்வாஷைத்தான் மாற்ற வேண்டும். சோப்பில்லாத வகைக்கு இந்தக் கசடு வருவதில்லை.

வழுவழுவென்று, கழுவவே இல்லையோ என்பது போல இருந்தால் பாலிகுவாட்டர்னியம்-7, பாலிகுவாட்டர்னியம்-10 போன்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். தோலில் ஒட்டி மென்மை உணர்வு தரத்தான் அவற்றைச் சேர்க்கிறார்கள். தீங்கு இல்லை, பிடிக்கவில்லை என்றால் வேறு வாங்கலாம். சோப்பிலிருந்து மென்மையான வகைக்குப் புதிதாக மாறியவர்களுக்கும் முதல் வாரம் இப்படித் தோன்றும். அது படலமே அல்ல, போகாமல் தங்கிய நம்முடைய சொந்த எண்ணெய். பழகிவிடும்.

கண் எரிகிறது

மூன்று சந்தேகங்கள்: சோடியம் லாரில் சல்ஃபேட், மென்தால் அல்லது புதினா வகை எண்ணெய், சோப்பின் காரம். கண்ணீரின் பிஹெச் ஏறக்குறைய 7.4. சாலிசிலிக் ஆசிட் போன்ற அமிலம் உள்ள ஃபேஸ்வாஷையும் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. குளிர்ச்சி தரும் ஃபேஸ்வாஷில் அந்தக் குளிர்ச்சி நரம்புக்கு மட்டும்தான், தோல் ஒன்றும் குளிர்வதில்லை. கண் எரிந்தால் நிறைய வெறும் தண்ணீரில் கழுவுங்கள். எரிச்சலும் சிவப்பும் நீடித்தால், பார்வை மங்கினால் காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

சிவந்து அரிக்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. தீர்வும் வேறு.

எரிச்சல் என்றால் கழுவும்போதோ கழுவிய உடனேயோ தெரியும். எரியும், குத்தும். தேய்த்த இடத்தில் மட்டும் இருக்கும், விட்டு விட்டுப் போட்டால் குறையும். காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன கடுமையான சர்ஃபாக்டன்ட் அல்லது அமிலம். அளவைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

அலர்ஜி தாமதமாக வரும். இன்று கழுவியதற்கு நாளையோ மறுநாளோ அரிப்பும் தடிப்பும் கிளம்பும். அரிப்புதான் முன்னால் நிற்கும், எரிச்சல் பின்னால். துளி பட்டாலும் வரும் என்பதால் அளவைக் குறைத்துப் பயன் இல்லை. மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பொருளுக்கே திடீரென்று வரலாம். "இத்தனை நாள் இதைத்தானே போட்டேன்" என்பது அலர்ஜி இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல.

பட்டியலில் தேட வேண்டியவை: வாசனைப் பொருள் (ஃபிராக்ரன்ஸ் அல்லது பர்ஃபம்) என்ற பொதுப்பெயர், கூடவே லிமோனீன், லினலூல், ஜெரானியோல், சிட்ரோனெல்லோல். கழுவிவிடும் பொருளில் இவை 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நெடுங்காலம் 26 பெயர்களாக இருந்த அந்தப் பட்டியலை 2023-இல் 80-க்கு மேல் விரித்தார்கள். செயற்கை மணம் வேண்டாம் என்று மூலிகை எண்ணெய் உள்ளதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த எண்ணெய்களிலும் இதே லினலூலும் லிமோனீனும்தான் இருக்கின்றன. தோலுக்கு அது மரத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

அடுத்தது பாதுகாப்புப் பொருள்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நாக்கு சுளுக்கும் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொடு-ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் அலர்ஜிப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பாவில் முகத்தில் பூசி விட்டுவிடும் பொருள்களில் இதற்கு இப்போது தடை. கழுவிவிடுவதில் பத்து லட்சத்தில் 15 பங்குதான் அனுமதி. டிஎம்டிஎம் ஹைடன்டாயின் இன்னொன்று, அது மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளிவிடும்.

மென்மையானவை என்று நான் மேலே பாராட்டியவையும் இந்த வரிசையில் உண்டு. அதே சங்கத்தின் அறிவிப்பில் 2004-இல் கொகாமிடோபுரொப்பைல் பீட்டைனும் 2017-இல் குளுக்கோசைடு வகையும் வந்திருக்கின்றன. பீட்டைனில் பெரும்பாலும் குற்றவாளி அதுவே அல்ல, தயாரிப்பின்போது தங்கிவிடும் கலப்படங்கள். மென்மை என்பது எரிச்சல் கணக்கு மட்டும்தான், அலர்ஜிக்கு அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்கும் அமெரிக்காவில் சட்டப்படியான வரையறை கிடையாது. "வாசனை சேர்க்கவில்லை" என்பதும் "வாசனை வராது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கவே ஒரு வாசனைப் பொருள் இருக்கலாம்.

ஃபேஸ்வாஷைத் தூக்கில் போடுவதற்கு முன் வேறு ஆட்களையும் விசாரியுங்கள். என் அக்காவுக்கு இரண்டு மாதமாகக் கண்ணிமையும் காதோரமும் சிவந்து உரிந்தது. மூன்று ஃபேஸ்வாஷ் மாற்றினாள். பிறகுதான் கவனித்தோம், சிவப்பு நெற்றி ஓரத்தில் தொடங்கி காதுக்கு முன்னால் இறங்கி கழுத்துப் பக்கம் முடிகிறது. தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு வழிந்து இறங்கும் பாதை அது. ஷாம்பு பாட்டிலில் மேலே சொன்ன நாக்கு சுளுக்கும் பெயர் இருந்தது. அதை நிறுத்திய மூன்றாம் வாரம் இமை பழையபடி ஆனது. கண்ணிமை மட்டும் என்றால் நெயில் பாலிஷையும், வாயைச் சுற்றி மட்டும் என்றால் டூத்பேஸ்டையும் சந்தேகப்படுங்கள். தடிப்பு எந்தக் கோட்டில் ஓடுகிறது என்று பார்த்தாலே பாதித் துப்பு கிடைக்கும்.

புதியதைச் சோதிக்க முழங்கையின் உள்மடிப்பில் காசளவு இடத்தில் தண்ணீர் கலந்து தடவி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஏழு நாள். ஒரே நாளில் சோதித்து முடிப்பது எரிச்சலைத்தான் காட்டும், அலர்ஜியைக் காட்டாது. ஃபேஸ்வாஷை ஒட்டி மூடி இரவெல்லாம் வைக்காதீர்கள். எந்த சர்ஃபாக்டன்டும் அப்படி வைத்தால் தோலைப் புண்ணாக்கும், அது சோதனை ஆகாது.

புது ஃபேஸ்வாஷ் போட்டதிலிருந்து பரு கூடிவிட்டது

சாலிசிலிக் ஆசிட் உள்ளதா? இருந்தால் முதல் சில வாரங்களில், வழக்கமாகப் பரு வரும் இடங்களில் கொஞ்சம் கூடிப் பிறகு அடங்கலாம். ஆறு வாரம் கடந்தும் அடங்கவில்லை, இதுவரை வராத இடத்தில் வருகிறது என்றால் அது "உள்ளிருப்பது வெளியே வருகிறது" அல்ல, ஒத்துக்கொள்ளவில்லை. அமிலமே இல்லாத சாதாரண ஃபேஸ்வாஷில் இந்தச் சமாதானத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

துளையை அடைக்கும் பொருள்கள் என்று எண் போட்ட பட்டியல்கள் கிடைக்கும். அந்த எண்களில் பல முயலின் காதில் பொருளை நேரடியாகப் பூசி விட்டுப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே பூசியதைக் கழுவவும் இல்லை. ஒரு நிமிடத்தில் அலசிப் போகும் பொருளுக்கு அந்த எண்ணைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அலசாமல் தங்கும் கிளென்சிங் பால், தைலம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். தலைமுடியின் ஓரம், தாடை விளிம்பு, மூக்கின் பக்கவாட்டில் மட்டும் பரு கூடுகிறதென்றால் பொருளை விட்டுவிட்டு அலசும் முறையைத் திருத்துங்கள். நம் கை அவசரத்தில் தவறவிடும் இடங்கள் அவை.

நெற்றியில் ஒரே அளவில் பொடிப் பொடியாக, வெள்ளை முனை பெரிதாக இல்லாமல், அரிப்போடு வந்தால் அது பருவே இல்லாமல் இருக்கலாம். மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்கால்களில் பெருகினால் இப்படி வரும். அது கொழுப்பை உண்டு வளர்வது. பரு ஃபேஸ்வாஷால் அது சரியாகாது, பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பருவுக்கென்று வாங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை

சதவீதம் எழுதியிருக்கிறதா? அமெரிக்க விதியில் பருவுக்கான சாலிசிலிக் ஆசிட் 0.5 முதல் 2 சதவீதம். எண்ணே இல்லாமல், பட்டியலின் வாலில் பெயர் மட்டும் இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள். அந்த அமிலம் வேலை செய்ய அமிலச் சூழல் வேண்டும். சோப்பு அடிப்படையில் போட்ட சாலிசிலிக் ஆசிட் உப்பாக மாறி முடங்கிவிடும். மிரிஸ்டிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு, சாலிசிலிக் ஆசிட் மூன்றையும் ஒரே பட்டியலில் கண்டால் டியூபை அலமாரியிலேயே வைத்துவிட்டு நகருங்கள்.

பென்சாயில் பெராக்ஸைடு என்றால் நுரைத்து உடனே கழுவாமல் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். 2.5, 5, 10 என்று வரும். சிவந்த பருக்களுக்கு 2.5 சதவீதமே 10-க்கு ஏறத்தாழ ஈடாக வேலை செய்கிறது, எரிச்சல் மட்டும் குறைவு. பெரிய எண்ணைத் தேடிப் போகாதீர்கள். இன்னொன்று, அது துணியின் சாயத்தை வெளுக்கும். என் தம்பியின் கருநீலத் துண்டில் ஐந்து விரல் தடமும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்து கிடந்தது. வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது.

கழுவி இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் வழிகிறது

எண்ணெய்ச் சுரப்பியை ஓட்டுவது ஹார்மோன். ஃபேஸ்வாஷ் மேலே இருப்பதைத் துடைக்கும், சுரப்பிக்கு உத்தரவு போடாது. ஆகவே கடுமையானதற்கு மாறிப் பயன் இல்லை, இழுப்பும் எண்ணெயும் ஒரே முகத்தில் சேர்ந்து நிற்கும். வேண்டுமானால் நடுவில் ஒரு டிஷ்யூவை ஒற்றி எடுங்கள்.

சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் போகவில்லை

தண்ணீருக்கு அசையாதபடி படலம் போடும் அக்ரிலேட், சிலிகோன் வகைகளை நுரை மட்டும் எடுப்பது கஷ்டம். எண்ணெய்தான் எண்ணெயைக் கரைக்கும். கிளென்சிங் எண்ணெயோ தைலமோ வாங்கும்போது பட்டியலில் பாலிசார்பேட், சார்பெத், பாலிகிளிசெரில், அல்லது பிஇஜி-20 கிளிசெரில் ட்ரைஐசோஸ்டீயரேட் போன்ற ஒன்று இருக்கிறதா பாருங்கள். இவைதான் எண்ணெயையும் தண்ணீரையும் இணைத்து அலச விடுபவை. வெறும் எண்ணெயும் மெழுகும் மட்டும் என்றால் தண்ணீரில் போகாது, துணியால் துடைக்க வேண்டும்.

இருந்தும் போகவில்லையா? கை ஈரமாக இருந்திருக்கும். உலர்ந்த கை, உலர்ந்த முகம், அரை நிமிடம் தேய்ப்பு, பிறகு விரல் நுனியில் கொஞ்சம் தண்ணீர். எண்ணெய் வெள்ளைப் பாலாக மாறும் அந்தக் கணம் கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகு அலசுங்கள். ஈரக்கையோடு தொடங்கினால் மேக்கப்பைத் தொடுவதற்கு முன்பே பாலாகிவிடும்.

மைசெல்லார் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு அப்படியே படுப்பவர்கள் உண்டு. கழுவ வேண்டாம் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் அதிலும் இருப்பது சர்ஃபாக்டன்ட்தான். தோல் எளிதில் சிவப்பவர்கள் ஒரு கை தண்ணீர் அடித்துவிடுவது நல்லது.

பழைய ஃபேஸ்வாஷ்தான், திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை

பழைய டியூபின் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் நிறமும் மாறாமல் உள்ளே மட்டும் மாற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பட்டியல் ஒன்றே என்றால் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று? திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று எண் இருக்கும், அத்தனை மாதம்தான் கணக்கு. வாசம் மாறினாலோ, தண்ணீரும் கூழும் பிரிந்தாலோ எறிந்துவிடுங்கள். இதற்கிடையில் ரெட்டினாய்டு போன்ற புது மருந்து தொடங்கியிருந்தால் ஃபேஸ்வாஷ் மேல் பழி போடாதீர்கள். நேற்று வரை தாங்கிய தோல் இன்று தாங்காததற்கு அதுவே காரணம்.

எதை மாற்றினாலும் எரிகிறது, வெறும் தண்ணீர் கூட எரிகிறது

இங்கே பட்டியல் படிப்பது முடிந்துவிட்டது. ரோசேசியா, எக்ஸிமா போன்ற தோல் நோய், அல்லது மருத்துவர் எழுதித் தராமல் மாதக்கணக்கில் முகத்தில் பூசிய ஸ்டீராய்டு கிரீம் என்று காரணம் வேறு பக்கம் இருக்கும். தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கிரீம் பூசியிருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொந்தளிக்கும் என்பதால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். இமை வீங்கினால், நீர் வடிந்தால், பொருக்குக் கட்டினால் அன்றே போங்கள். மூச்சுத் திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அலர்ஜி என்று சந்தேகம் வந்தால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். இரண்டு நாள் ஒட்டி வைத்து, எடுத்து, பிறகு ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். போகும்போது ஃபேஸ்வாஷ் மட்டுமல்லாமல் ஷாம்பு, கிரீம், டூத்பேஸ்ட் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முன்பக்கத்தை எடுக்க வேண்டாம், அதில் இலை மட்டும்தான் இருக்கும்.